வரவு ஒன்றே, செலவு வேறு

எஞ்சின் இல்லை, பேட்டரி இல்லை, கையால் தள்ளிவிடவும் கூடாது. சரிவான பலகைப் பாதையின் உச்சியில் வண்டியை நிறுத்தி, அதன் மூக்குக்கு முன்னால் நிற்கும் தடைக்கம்பியை இறக்குவார்கள். வண்டி தானாக உருண்டு இறங்கி, சமதளத்தில் மிச்சத் தூரத்தை ஓடிக் கோட்டைத் தாண்ட வேண்டும். ‘பைன்வுட் டெர்பி’ என்று அமெரிக்கர்கள் சொல்லும் இந்தப் பந்தயம் அந்நாட்டுச் சாரணர் இயக்கத்தின் குருளையர் படைகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. 1953 மே 15ஆம் தேதி கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் இதை முதலில் நடத்தியவர் டான் மர்ஃபி. நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் விமான நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்க் குருளையர் படைக்கும் தலைவராக இருந்தவர். ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் சிறுவர்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் ‘சோப் பாக்ஸ் டெர்பி’ அப்போது வெகு பிரபலம். அதில் சேர அவருடைய மகனுக்கு வயது போதவில்லை. ஆள் ஏறாத சின்ன வண்டி என்றால் அப்பாவும் பிள்ளையும் வீட்டிலேயே உட்கார்ந்து செய்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1954 அக்டோபரில் ‘பாய்ஸ் லைஃப்’ இதழ் அதன் வரைபடத்தை வெளியிட, நாடு முழுக்கப் பரவிவிட்டது.

வண்டி செய்வதற்கான பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு பைன் மரக்கட்டை, நான்கு ஆணி, நான்கு பிளாஸ்டிக் சக்கரம். கட்டையின் நீளம் 7 அங்குலம், அகலம் ஒன்றேமுக்கால், உயரம் ஒன்றேகால். செய்து முடித்த வண்டியின் எடை 5 அவுன்ஸைத் தாண்டக்கூடாது. அதாவது சுமார் 142 கிராம். நீளமும் 7 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஆணிதான் அச்சு. அதன் தலை சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தப் பெட்டியை முதன்முதலாகக் கையில் வாங்குகிற யாரும் கட்டையை எப்படிச் செதுக்குவது என்றுதான் யோசிப்பார்கள். அம்பு போலவா, ஃபார்முலா ஒன் கார் போலவா, திமிங்கிலம் போலவா? வேகம் வடிவத்தில் இருப்பதாகக் கண் சொல்கிறது. இந்தக் கட்டுரை அதை மறுக்கிறது. எல்லா வண்டிகளுக்கும் உச்சியில் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. அதைக் கூட்டிக்கொள்ள வழி மிகக் குறைவு. எனவே ஜெயிக்கிற வண்டி மற்றவற்றைவிடக் குறைவாக இழக்கிற வண்டி. அந்த இழப்பில் பெரும்பகுதி கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். கணக்குக்காகச் சரிவின் நீளம் 3 மீட்டர், அதன் உயரம் 1.2 மீட்டர், அதற்குப் பின் சமதளம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இன்று பரவலாகப் புழங்கும் அலுமினியப் பாதைகள் கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இருக்கின்றன. 142 கிராம் வண்டி 1.2 மீட்டர் இறங்கும்போது அதற்குக் கிடைப்பது 1.67 ஜூல். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பை வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட எரியவைக்காத அளவு. எந்த இழப்பும் இல்லையென்றால் சரிவின் அடியில் வேகம் வினாடிக்கு 4.85 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். மொத்த ஓட்டம் 3.1 வினாடியில் முடிந்துவிடும். இதைவிட வேகமாகப் போக எந்த மரவேலைத் திறமையாலும் முடியாது. ஒரு சிறு விலக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். கோட்டருகே ஒரு மில்லிவினாடி என்பது அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். மின்னணுக் கடிகாரம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை அளக்கிறது. ஆகவே இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு இழப்பையும் மில்லிவினாடியிலேயே நிறுத்துப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் நியாயமான ஊகங்களின் மேல் போட்ட தோராயக் கணக்குகள். ஒரு குறிப்பிட்ட வண்டிக்கு அவை அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. எது பெரிது, எது சிறிது என்ற வரிசையைக் காட்ட அவை போதும்.

இங்கே பள்ளிக்கூடப் பாடம் படித்தவர் குறுக்கிடுவார். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் இறங்கும் என்று கலிலியோ காட்டிவிட்டாரே, பிறகு ஏன் எல்லாரும் 5 அவுன்ஸ் வரம்பை ஒரு கிராம்கூட மிச்சம் வைக்காமல் எட்டிப்பிடிக்கத் துடிக்கிறார்கள்? கேள்வி நியாயமானது. எடை கூடும்போது ஈர்ப்பு விசையும் கூடுகிறது, நகர்த்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடுகிறது; இரண்டும் ஈடாகிவிடுகின்றன. அச்சில் ஏற்படும் உராய்வும் எடையோடு சேர்ந்தே வளர்வதால் அதிலும் லாபம் இல்லை. ஆனால் எடையைப் பொருட்படுத்தாத செலவுகள் இரண்டு இருக்கின்றன. காற்று, வண்டியின் முன்பரப்பைப் பார்க்குமே தவிர அதன் எடையைப் பார்க்காது. சக்கரத்தைச் சுழலவைக்கத் தேவைப்படும் ஆற்றலும் சக்கரத்தைப் பொறுத்தது, அதன் மேல் ஏற்றியிருக்கும் சுமையைப் பொறுத்ததல்ல. வரவு பெரிதாகும்போது இந்த நிலையான செலவுகள் அதில் சிறிய பங்காகிவிடுகின்றன. கலிலியோ தவறில்லை. காற்றும் சுழற்சியும் இல்லாத உலகத்தைப் பற்றி அவர் சொன்னதை இரண்டும் உள்ள இடத்துக்கு அப்படியே கொண்டுவருவதுதான் பிசகு. வேடிக்கை என்னவென்றால், 1638இல் வெளிவந்த அவருடைய நூலில் விவரிக்கப்படும் சோதனையே சாய்பலகையில் வெண்கலக் குண்டு உருள்வதுதான். உருளும் திண்மக் கோளத்தின் ஆற்றலில் ஏறக்குறைய ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது. நேரங்களின் விகிதத்தை மட்டும் அவர் பார்த்ததால் அந்தப் பங்கு அவர் கண்ணில் படாமல் தப்பித்தது.

அந்தச் சுழற்சிச் செலவு நம் வண்டியில் எவ்வளவு? பெட்டியில் வரும் சக்கரம் ஒன்றின் எடை சுமார் இரண்டரை கிராம். அதன் பிளாஸ்டிக் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கிறது. விளிம்பில் இருக்கும் நிறை முன்னோக்கியும் நகர வேண்டும், அதே வேகத்தில் சுற்றவும் வேண்டும். ஆற்றலை இரண்டு முறை கேட்கிறது. சக்கரத்தின் வடிவத்தைக் கணக்கில் எடுத்தால், சுழற்சியின் பொருட்டு ஒவ்வொன்றும் தன் எடையில் சுமார் 0.7 மடங்கு கூடுதல் நிறை போல நடந்துகொள்ளும் எனலாம். நான்குக்கும் சேர்த்து 7 கிராம். ஈர்ப்பு விசைக்கு இந்த 7 கிராம் தெரியாது, இழுப்பும் தராது. ஆனால் வண்டி அதைச் சுமந்தே ஆக வேண்டும். மொத்த ஆற்றலில் 5 விழுக்காடு இப்படிப் போகிறது. உட்புறத்தைக் கடைந்து ஒரு கிராமாக இளைக்கவைத்த சக்கரங்களைப் பூட்டினால் 40 மில்லிவினாடிக்கு மேல் மிச்சமாகும். அதாவது ஒரு வண்டி நீளம். பல படைகளின் விதிகள் சக்கரத்தைக் கடைந்து இளைக்கவைப்பதைத் தடைசெய்வது சும்மா இல்லை. கடைசல் எந்திரம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை பந்தயத்துக்கு முன்பே ஜெயித்துவிடும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. ஆணியும் சக்கரமும் தொடுகிற இடம். மாட்டுவண்டியில் இரும்பு அச்சின் மேல் குடம் சுற்றும் இடத்தில் மசகு வறண்டால் மாடு என்ன பாடுபடும் என்பது வண்டிக்காரருக்குத் தெரியும். இங்கேயும் அமைப்பு அதேதான், பால் பேரிங் கிடையாது, துளையும் தண்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டு ஓடுகின்றன. ஆணியின் விட்டம் சுமார் 2.2 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் சுமார் 30. தரையில் வண்டி 30 மில்லிமீட்டர் நகரும்போது அச்சில் தேய்வது 2.2 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே உராய்வின் தாக்கம் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்காகக் குறைந்துதான் வண்டியை எட்டுகிறது. சக்கரம் என்ற கண்டுபிடிப்பின் பயனே அந்தக் குறைவுதான். அப்படிக் குறைந்தும் மிச்சம் இருப்பது சிறிதல்ல. பெட்டியிலிருந்து எடுத்த ஆணியை அப்படியே செருகினால் உராய்வுக் குணகம் 0.2 என்று வைக்கலாம். 12 மீட்டர் ஓட்டத்தில் அது தின்பது, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கிடைத்த ஆற்றலில் 15 விழுக்காடு. தேய்த்து மெருகேற்றி, கிராஃபைட் பொடி போட்டு அதை 0.1க்கு இறக்கினால் இழப்பு பாதியாகும். ஓட்டம் 57 மில்லிவினாடி குறையும். கோட்டருகே அது 26 சென்டிமீட்டர், ஒன்றரை வண்டி நீளம். பார்வையாளர் யாருக்கும் தெரியாத, 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இடத்தில் செய்த வேலைக்குக் கிடைக்கும் பலன் இது.

அந்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் கம்பியை இறுகப் பிடித்துத் தலையை அடித்து உருவாக்கும்போது ஆணியில் இரண்டு குறைகள் தங்கிவிடுகின்றன. தலையின் அடிப்பக்கத்தில் சிறு பிசிறு, தண்டில் பிடியின் தழும்பு. பிசிறு சக்கரக் குடத்தின் முகப்பைச் சுரண்டும், தழும்பு துளையின் உட்சுவரைச் சுரண்டும். ஆணியை டிரில் மெஷினில் பூட்டிச் சுழலவிட்டு, முதலில் சிறு அரத்தால் பிசிறை எடுத்து, பிறகு கரகரப்பான உப்புத்தாளில் தொடங்கி நீரில் நனைத்த மிக நுண்ணிய தாள் வரை படிப்படியாகத் தேய்ப்பார்கள். படியைத் தாண்டக்கூடாது. முந்தைய தாள் விட்ட கீறலை அடுத்த தாளால்தான் அழிக்க முடியும். நடுவில் ஒன்றைத் தவறவிட்டால் பழைய கீறல் பளபளப்புக்கு அடியில் அப்படியே இருக்கும். கிராஃபைட் கார்பனின் ஒரு வடிவம். அதன் அணுக்கள் அடுக்கடுக்கான தாள்களாக அமைந்திருக்கின்றன. தாளுக்குள் பிணைப்பு வலுவானது, தாளுக்கும் தாளுக்கும் இடையே மிகத் தளர்வானது. அதனால் அடுக்கு அடுக்காக வழுக்குகிறது. எண்ணெயை விட்டால் ஆகாதா என்றால், இவ்வளவு லேசான சுமைக்குத் தாராளமாக விட்ட எண்ணெய் தன் பிசுபிசுப்பாலேயே தடையாகிவிடும். தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சிலவற்றை எண்ணெய் மெல்ல இளக்கியும் விடும். பல படைகளில் உலர்ந்த மசகு மட்டுமே அனுமதி.

உராய்வு இவ்வளவு பெரியது என்றால் ஒரு சக்கரத்தையே தரையில் படாமல் தூக்கிவிடலாம் என்ற யோசனை வரும். அனுபவசாலிகள் பலர் உண்மையிலேயே முன் சக்கரம் ஒன்றைக் காகிதக் கனத்துக்கு உயர்த்தி வைக்கிறார்கள். விதி அனுமதிக்கும் இடங்களில் மூன்று சக்கர ஓட்டம் வேகமானதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறு. நான்கில் ஒன்று தேயவில்லை என்பதால் உராய்வு கால் பங்கு குறையாது. உராய்வு சுமைக்கு விகிதசமம், தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று கியோம் அமோன்தோன் 1699இலேயே சொல்லிவிட்டார். தூக்கிய சக்கரத்தின் சுமை மற்ற மூன்றின் மேல் விழுகிறது. அவை கூடுதலாக உராய்ந்து கணக்கைச் சரிகட்டிவிடும். லாபம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தரையைத் தொடாத சக்கரம் சுற்ற வேண்டியதில்லை. முன்பு சொன்ன 7 கிராம் சுழற்சிச் சுமையில் கால் பங்கு இல்லாமல் போகிறது. சுமார் 19 மில்லிவினாடி மிச்சம். கூடவே, நேராக ஓடவைக்க வேண்டிய சக்கரமும் ஒன்று குறைகிறது. பலன் ஒன்றுதானே, காரணம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். காரணத்தைத் தவறாகப் பிடித்தவர் அடுத்ததாக இன்னொரு சக்கரத்தின் சுமையைக் குறைக்கப் பாடுபட்டு நேரத்தை வீணாக்குவார். சரியாகப் பிடித்தவர் தூக்கிய சக்கரம் பாதையை இடையிடையே தொட்டுச் சுற்றத் தொடங்காதபடி பார்த்துக்கொள்வார்.

அப்படியானால் வடிவத்துக்கு வேலையே இல்லையா? என் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய வலுவான கேள்வி இதுதான். மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்ன செய்துவிடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. மிதிவண்டியில் அதே வேகத்தில் போகும் மனிதருக்குக் காற்று பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் அவர் தொடர்ந்து மிதித்துக்கொண்டிருப்பது. நம் வண்டியின் எடை வெறும் 142 கிராம், அதுவும் சமதளத்தில் தன்னிடம் இருப்பதைச் செலவழித்துக்கொண்டே ஓடுகிறது. செதுக்காத கட்டையும் சக்கரங்களும் சேர்ந்து காட்டும் முன்பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். முழு வேகத்தில் காற்று அதைச் சுமார் 2 கிராம் எடையளவு விசையால் பின்னுக்குத் தள்ளும். நன்றாக மெருகேற்றிய அச்சுகளின் மொத்த உராய்வோ சுமார் ஒரு கிராம் எடையளவுதான்! அச்சை மெருகேற்றிவிட்டுச் செதுக்காத கட்டையை ஓட்டுபவருக்குக் காற்றுதான் முதல் எதிரி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு இழைத்துத் தட்டையாக்கிய வண்டியில் இந்த விசை ஒரு கிராமுக்குக் கீழே இறங்குகிறது. ஐம்பது, அறுபது மில்லிவினாடி மிச்சமாகலாம்.

ஆனால் இந்த லாபம் எதிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தின் தடிமனைக் குறைத்ததிலிருந்து. அதற்கு வேண்டியது ஒரு ரம்பமும் இரண்டு நேர் வெட்டும். அதற்குப் பிறகு மூக்கைக் கூராக்குவதும், வால்சிறகு வைப்பதும், பக்கங்களை வளைப்பதும் மிச்சப்படுத்தக்கூடியது மிகச் சொற்பம். ஏனென்றால் தட்டையாக்கிய வண்டியின் முன்பரப்பில் பாதிக்கு மேல் சக்கரங்களுடையது, அதை யாரும் செதுக்க முடியாது. உட்காரும் இருக்கை, கண்ணாடி, ஸ்டீயரிங், ஓட்டுநர் பொம்மை என்று மேலே ஒட்டும் எதுவும் காற்றுக்குக் கூலி கொடுப்பதே. அழகான வண்டிக்குத் தனிப் பரிசு வைக்கும் வழக்கம் பல படைகளில் உண்டு. விவரம் தெரிந்தவர் யாரோதான் அதை ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

முன்பு ஒரு விலக்கு உண்டு என்றேன். வரவையே சற்றுக் கூட்டிக்கொள்ளும் வழி, எடையை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. எல்லா வண்டிகளின் மூக்கும் ஒரே தடைக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சரிவில் நிற்பதால் வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையத்தை 5 சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினால், நம் பாதையில் அது 2 சென்டிமீட்டர் கூடுதல் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கும். இரண்டு வண்டிகளும் கடக்கும் தூரம் ஒன்றுதானே என்று தோன்றலாம். தூரம் ஒன்றுதான், ஆனால் பின்கனமான வண்டியின் எடை அந்தத் தூரத்தில் அதிகப் பங்கைச் சரிவில் கழிக்கிறது. கணக்குப் போட்டால் 16 மில்லிவினாடி வருகிறது, அரை வண்டி நீளத்துக்குச் சற்றுக் குறைவு. இதற்குத்தான் கட்டையை மெலிதாக இழைத்து, இழந்த எடையை அடர்த்தியான உலோகமாகப் பின்பக்கம் பதிக்கிறார்கள். 100 கிராம் காரீயம் 9 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும், டங்ஸ்டன் என்றால் 5 போதும். ஆசைப்பட்டு மேலும் பின்னால் தள்ளினால் முன்சக்கரத்தின் பிடி தளர்ந்துவிடும். சரிவு சமதளமாக வளையும் இடத்திலும் பாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் மூக்கு துள்ளும். பின் அச்சுக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் முன்னால் ஈர்ப்பு மையம் நிற்கும்படி வைப்பது பரவலான வழக்கம்.

துள்ளலும் அலைச்சலும் ஏன் இவ்வளவு அஞ்சப்படுகின்றன? பாதையின் நடுவில் ஓடும் வழிகாட்டிச் சட்டத்துக்கும் சக்கரங்களின் உட்பக்கத்துக்கும் இடையே இருக்கும் மொத்த இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர். அச்சு கால் டிகிரி கோணலாக இருந்தால்கூட வண்டி 9 மீட்டரில் 4 சென்டிமீட்டர் ஒதுங்கப் பார்க்கும். எனவே சட்டத்தில் முட்டாமல் நேராக ஓடும் வண்டி என்று ஒன்று நடைமுறையில் இல்லை. முட்டித் திரும்பி மறுபக்கம் முட்டும் வண்டி ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் இழக்கிறது. இதற்குக் கண்ட தீர்வு, கேட்ட மாத்திரத்தில் தப்பென்று தோன்றும். முன்சக்கரத்தின் ஆணியை வேண்டுமென்றே மிகச் சிறிது வளைத்து, வண்டியைச் சட்டத்தின் பக்கமே திருப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு சக்கரம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சட்டத்தின் மேல் லேசாகச் சாய்ந்துகொண்டே ஓடும். இது உராய்வைக் கூட்டாதா? கூட்டும்தான். ஆனால் ஓயாமல் உரசும் சிறு இழப்பு, அங்குமிங்கும் மோதும் இழப்பைவிடக் குறைவு. மேலும் பின்சக்கரங்கள் இரண்டும் சட்டத்தைத் தொடாமல் தப்பிக்கின்றன. எடையின் பெரும்பகுதி அவற்றின் மேல்தான் இருக்கிறது. அந்தப் பின் ஆணிகளையும் சற்றே சாய்த்துச் செருகுவார்கள். சக்கரம் மரத்தின் பக்கம் போய் உரசாமல், மெருகேற்றிய ஆணித்தலையின் பக்கமாகவே ஒதுங்கி ஓடட்டும் என்று. உராய்வை ஒழிக்க முடியாது என்று ஆனபின், அது எந்த இடத்தில் நடக்க வேண்டும் என்பதையாவது நாமே முடிவுசெய்கிறோம்.

ஆற்றலை வெளியிலிருந்து கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூத்த பந்தயத்தின் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1973இல் ஆக்ரன் சோப் பாக்ஸ் டெர்பியில் வெற்றிபெற்ற வண்டியின் மூக்குக்குள் மின்காந்தம் ஒன்று ஒளிக்கப்பட்டிருந்தது. ஓட்டும் சிறுவன் தலையைப் பின்னால் சாய்த்தால் அது உயிர்பெறும். தொடக்கக் கோட்டில் முன்னோக்கிச் சாயும் உலோகத் தடுப்பு வண்டியையும் சேர்த்து இழுத்துவிடும். கிளம்பும் கணத்திலேயே அது மற்றவற்றை முந்தியது சந்தேகத்தைக் கிளப்ப, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், பட்டம் பறிபோனது. ஏமாற்றியது பெரியவர்களின் மூளை என்பது பின்னர் வெளிவந்தது. இந்த விவகாரத்தின் இயற்பியல் மிக எளியது. சரிவில் வேகத்தைக் கூட்ட, இழப்பைக் குறைப்பதையும் எடையை இடம் மாற்றுவதையும் தவிர வேறு வழி வேண்டுமென்றால் வெளியாற்றலைத் திருட வேண்டியிருந்தது. விதிக்குள் நின்று அதைச் செய்ய ஒரு வழி இருந்திருந்தால் மின்காந்தத்துக்கு அவசியமே வந்திருக்காது.

பணம் உள்ளவர் வாங்கி ஜெயிக்கும் பந்தயம் இது, அப்பாக்கள் செய்ய பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற குறையும் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது பாதியை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பெரியவர்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடக்கின்றன, வண்டியைப் பார்சலில் அனுப்பிவைத்துப் போட்டியிடுகிறவர்களும் உண்டு. ஆசை தணிய வழி வேறே இருக்கிறது என்றாலும் பிள்ளையின் கட்டையைப் பிடுங்கிக்கொள்ளும் கை நின்றபாடில்லை. முதல் பாதிக்கு மட்டும் எண்கள் பதில் சொல்கின்றன. விலை மிகுந்த டங்ஸ்டன், காரீயத்தோடு ஒப்பிட்டால், ஈர்ப்பு மையத்தை மிஞ்சிப்போனால் ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ள உதவும். லாபம் சுமார் 3 மில்லிவினாடி. சில ரூபாய் உப்புத்தாளும் ஒரு மாலைப் பொழுதும் கொடுப்பது ஐம்பதுக்கு மேல். இளைக்கவைத்த சக்கரங்களை விதி தடுத்துவிட்ட இடத்தில், காசு கொடுத்து வாங்கக்கூடிய வேகம் மிகக் குறைவாகவே மிஞ்சுகிறது. பத்து வயதுப் பிள்ளையால் பொறுமையாகச் செய்துவிடக்கூடிய வேலைதான் பெரிய வேலை.

இந்த வரிசை ஓர் எல்லை வரைதான் செல்லும். எல்லாரும் ஆணியை மெருகேற்றி, கட்டையை இழைத்து, எடையைப் பின்னால் வைத்துவிட்ட போட்டியில் வண்டிகளுக்கிடையே மிஞ்சுவது சில மில்லிவினாடி. அப்போது பாதையும் கணக்கில் வந்துவிடுகிறது. வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தடங்கள் எல்லாம் அச்சடித்தாற்போல் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு தடத்தின் இணைப்பு நகக்கண் அளவு தூக்கியிருக்கும், இன்னொன்றின் சட்டம் சற்று நெளிந்திருக்கும். ஒழுங்காக நடத்தும் இடங்களில் ஒவ்வொரு வண்டியையும் எல்லாத் தடங்களிலும் ஒரு முறை ஓடவிட்டு நேரங்களைக் கூட்டுவது இதனால்தான். அப்படியும் ஒரே வண்டி ஒரே தடத்தில் அடுத்தடுத்து ஓடினால் நேரம் சில மில்லிவினாடி முன்பின்னாகத்தான் வரும். கிராஃபைட்டும் முதல் சில ஓட்டங்களில் படிந்து, பின்னர் உதிரத் தொடங்கும். எனவே ஆணியைச் சாய்த்ததால் லாபமா நட்டமா என்று அறிய விரும்புகிறவர் ஒரே ஓட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பல முறை ஓட்டி, சராசரியை முந்தைய சராசரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டின் வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், அந்த மாற்றத்தால் எதுவும் நடந்ததாகச் சொல்ல முடியாது. ஆணியைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு வேறு ஒன்றைச் சோதிக்கலாம்.